காந்தப்புலமும் மணலூடு பாயும் திரவங்களும்: ஈச்சிலம்பற்றுக் கரையை முன்வைத்து ஒரு கணிப்பு

மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு வடக்கேயும் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயும், உல்லைக்கழிக் களப்பை அண்டி அமைந்துள்ளது ஈச்சிலம்பற்று. வயல், களப்பு, மணற்றிட்டு, அதற்கப்பால் வங்கக் கடல் என்பதே இக்கரையின் பொதுவான அமைப்பு. இத்தகைய கரைகளில் மணலைத் தோண்டினால் அதிக ஆழம் செல்லுமுன்னரே நன்னீர் ஊறுகின்றது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கக் கிணற்று நீர் குடிக்கத் தக்கதாய் இருப்பது எங்ஙனம்? அது எந்நிலையில் உவராகும்? இவை மணலாகிய நுண்டுளை ஊடகத்தினூடு திரவம் பாய்வதைப் பற்றிய வினாக்களாகும்.

இவ்வினாக்களுக்கு மிக அண்மையில் இருப்பதாகத் தோன்றும் ஓர் ஆய்வுத்துறை தென்னாசியப் பல்கலைக்கழகங்களின் பிரயோக கணிதத் துறைகளிற் பெரிதும் வளர்ந்துள்ளது. நியூற்றனின் பிசுக்குமை விதிக்கு அடங்காத பாயிகள், நுண்டுளை ஊடகத்தினூடு, காந்தப்புலத்தின் முன்னிலையிற் பாய்வதை ஆராய்வதே அத்துறை. சமன்பாடுகள் அழகானவை, தீர்வுகள் நுட்பமானவை. ஆயினும், அச்சமன்பாடுகளில் வரும் எண்கள் எந்தத் திரவத்துக்கு, எந்த மணலுக்கு, எந்தக் காந்தத்துக்கு உரியவை என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இக்கட்டுரையில் நாம் அவ்வினாவை எழுப்பி, கைக்கணக்கு அளவிலேனும் விடை காண முயல்வோம். உயர் கணிதம் இதற்கு வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

மணல் விதிக்கும் தடை

பிரான்சு நாட்டின் டிசோன் நகருக்குக் குடிநீர் வழங்கும் பணியில் ஈடுபட்டிருந்த பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயினூடு நீரைச் செலுத்தித் தாம் கண்ட முடிவை 1856-ஆம் ஆண்டு வெளியிட்டார். மணலூடு நீர் செல்லும் வேகம் அமுக்கப் படித்திறனுக்கு, அதாவது ஓரலகு தூரத்தில் ஏற்படும் அமுக்க வீழ்ச்சிக்கு, நேர்விகித சமமானது என்பதே அம்முடிவு. பாயியின் பிசுக்குமை கூடினால் வேகம் குறையும். ஊடகத்தின் உட்புகவிடுமியல்பு கூடினால் வேகம் கூடும்.

உட்புகவிடுமியல்பு பரப்பளவின் அலகில் அளக்கப்படுவது. நுண்மணலுக்கு அது ஒரு சதுர மீற்றரின் பத்தாயிரங் கோடியில் ஒரு பங்கு அளவினது. மூன்று நான்கு மில்லிமீற்றர் பருமனுள்ள சிறுகற்களின் படுக்கைக்கு அதனிலும் ஆயிரம் மடங்கு. மணலின் பருமன் பாதியானால் உட்புகவிடுமியல்பு நான்கிலொன்றாகும். எனவே, நுண்மணலிற் பாயும் நீர் துளைகளின் சுவர்களோடு ஓயாது உராய்ந்தே முன்செல்கின்றது. இவ்வுராய்வே மணல் விதிக்கும் தடை. பின்னர் நாம் காணப்போகும் ஒவ்வொரு விளைவையும் இத்தடையோடு ஒப்பிட்டே மதிப்பிடவேண்டும்.

நியூற்றனின் விதிக்கு அடங்காத பாயிகள்

1687-இல் வெளியான தம் நூலில் நியூற்றன் கொண்ட எடுகோள் எளியது: பாயியின் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வீதம் எவ்வளவோ, அவ்வளவுக்கு அதன் தடையும் இருக்கும். நீரும் எண்ணெயும் தேனும் பெரும்பாலும் இவ்விதிக்கு அமைவன. தேன் தடித்தது, எனினும் அதன் பிசுக்குமை, மெதுவாகக் கிளறினாலும் விரைவாகக் கிளறினாலும் ஏறத்தாழ மாறாது.

தயிர் அத்தகையதன்று. கிழக்கு மாகாணத்து எருமைத் தயிரைச் சட்டியோடு சற்றே சரித்தால் அது அசைவதில்லை. ஒரு குறித்த எல்லைக்கு மேற்பட்ட தகைப்பைக் கொடுத்தாற்றான் அது இளகும். இளகியபின் அதன் பிசுக்குமை விரைந்து குறையும். இவ்வெல்லையை நாம் இளகு தகைப்பு என வழங்குவோம். சேறு, வண்ணப்பூச்சு, துளையிடுவோர் பயன்படுத்தும் களிக்குழம்பு ஆகியவும் இவ்வினத்தவை. இவற்றை முறைப்பட ஆராய்ந்த யூஜீன் பிங்கம் 1922-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிகோலியவற்றுள் ஒன்று.

தயிர்ச் சட்டி நமக்கு இன்னொன்றையும் கற்பிக்கின்றது. சுட்ட மண்ணாலான சட்டி ஒரு நுண்டுளைப் பொருள். தயிரின் நீர்ப்பகுதி அத்துளைகளினூடு வெளியேறுகின்றது. இளகு தகைப்பு உடைய திண்மையான பகுதி உள்ளே தங்குகின்றது. மட்சட்டித் தயிரின் கட்டிக்கு இதுவும் ஒரு காரணம். டார்சியின் விதியை இத்தகைய பாயிகளுக்கு விரித்தால், ஓர் எல்லைக்குக் குறைந்த அமுக்கப் படித்திறனிற் பாய்ச்சலே நிகழாது என்னும் முடிவு கிடைக்கும். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு அவ்வெல்லை உயரும்.

காந்தம் விதிக்கும் தடை

மின்னைக் கடத்தும் பாயி காந்தப்புலத்துக்குக் குறுக்கே அசையுமாயின் அதனுள் மின்னோட்டம் தூண்டப்படும். அம்மின்னோட்டத்தின்மீது அதே காந்தப்புலம் தாக்கும் விசை அசைவை எதிர்க்கும். பரடே இதனை இயற்கையிற் காண விழைந்து, 1832 சனவரியில் இலண்டன் வாட்டலூ பாலத்திலிருந்து செப்புத் தகடுகளைத் தேம்ஸ் ஆற்றில் இறக்கி, ஆற்று நீர் புவியின் காந்தப்புலத்தை ஊடறுப்பதால் எழும் மின்னை அளக்க முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை, கருத்து மட்டும் நிலைத்தது. கோபன்கேகனில் யூலியஸ் ஹாட்மன் 1937-இல் இரசத்தைக் காந்தப்புலத்தினூடு செலுத்தி அத்தடையை அளந்து காட்டினார். 1942-இல் ஹன்ஸ் அல்வேன் இத்துறையை வானியலுக்கு விரித்தார். அதற்கான நோபல் பரிசு 1970-இல் அவருக்குக் கிடைத்தது. நியூற்றனின் விதிக்கு அடங்காத பாயிகளைக் காந்தப்புலத்தில் வைத்துக் கணித்த தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்று 1961-இல் துர்குத் சர்ப்காயா எழுதியது. அதன்பின் வந்த கட்டுரைகள் பல.

இங்குக் கருதவேண்டியது ஒன்று. காந்தத் தடையின் பருமன் மூன்றைப் பொறுத்தது: பாயியின் கடத்துதிறன், காந்தப்புலத்தின் வர்க்கம், பாயியின் வேகம். கடல் நீரின் கடத்துதிறன் மீற்றருக்கு ஏறத்தாழ 5 சீமென். இரசத்தினது பத்து இலட்சத்துக்குச் சற்றே மேற்பட்டது. ஆகவே, இரசத்திற் கண்டதை நீருக்கும் குருதிக்கும் சேற்றுக்கும் அப்படியே பொருத்துதல் இரண்டு இலட்சம் மடங்கு வேறுபாட்டைக் கவனியாது விடுவதாகும்.

மூன்றையும் ஒருங்கே நிறுத்தல்

இப்போது தராசை எடுப்போம். காந்தத் தடையை மணற்றடையால் வகுத்தால் வேகம் வெட்டுண்டு போகின்றது. எஞ்சுவது ஒரு தூய எண்: கடத்துதிறன், காந்தப்புலத்தின் வர்க்கம், உட்புகவிடுமியல்பு ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் பிசுக்குமையால் வகுக்கக் கிடைப்பது. அவ்வெண் ஒன்றுக்கு அண்மித்தால் காந்தத்தைக் கருதியே ஆகவேண்டும்; மிகச் சிறிதாயின் அதனை விட்டுவிடலாம்.

காந்தப்புலம் ஒரு தெசுலா எனக் கொள்வோம். இது பெரிய மின்காந்தமொன்றின் முனைகளுக்கிடையே கிடைக்கும் வலிமை. ஊடகம் நுண்மணல் எனக் கொண்டால் கிடைக்கும் விடைகள் இவை:

(அ) சாதாரண கிணற்று நீர்: இருநூறு கோடியில் ஒரு பங்கு.

(ஆ) கடல் நீர்: இரண்டு கோடியில் ஒரு பங்கு.

(இ) இரசம்: ஆயிரத்தில் ஏழு பங்கு.

இரசத்துக்குக்கூட நுண்மணலிற் காந்தத்தின் விளைவு நூற்றில் ஒன்றை எட்டவில்லை. அதே இரசத்தைச் சிறுகற்களின் படுக்கையினூடு செலுத்தினால் அவ்வெண் ஏழாக உயரும். அங்கே காந்தமே பாய்ச்சலை ஆளும். திரவ உலோகம், அகன்ற துளை, வலிய புலம் என்னும் மூன்றும் கூடும் இடங்களில், உதாரணமாக அணுக்கருச் சேர்க்கை உலைகளுக்கென ஆராயப்படும் திரவ உலோகப் போர்வைகளில், இக்கணிதம் இன்றியமையாதது. அங்கு அதனைச் செய்வோரின் உழைப்பு வீணன்று.

செயற்கைக் காந்தத்தை விடுத்துப் புவியின் காந்தத்தை எடுத்தால் விடை இன்னும் சிறுக்கின்றது. எமது பகுதியில் அது ஏறத்தாழ ஒரு தெசுலாவின் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு. காந்த நடுக்கோடு இலங்கையையும் தென்னிந்தியாவின் தென்முனையையும் அண்டிச் செல்வதால் இங்குக் காந்த ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-இல் இந்தியாவின் முதல் ஆய்வு ஏவுகணை ஏவப்பட்டதற்கு அவ்விடம் காந்த நடுக்கோட்டை அண்மித்திருந்தமையே காரணமாயிற்று. வானத்து உயர்வெளியின் மின்னோட்டங்களுக்கு இவ்வமைவு பெரிதும் முக்கியமானது. மண்ணுக்குள் ஊறும் நீருக்கோ அது பொருட்டன்று.

நியூற்றனின் விதிக்கு அடங்காத பாயிகளுக்கு நிலைமை என்ன? நாம் வகுத்த எண்ணிற் பிசுக்குமை கீழே நிற்கின்றது. களிக்குழம்பின் தோற்றப் பிசுக்குமை நீரினதைவிட நூறு மடங்காயின் காந்தத்தின் பங்கு மேலும் நூறில் ஒன்றாகும். இத்தகைய குழம்புகள் பல மெதுவாகப் பாயும்போதே மிகத் தடித்திருப்பன. மணலினுள் எப்பாய்ச்சலும் மெதுவானதே. ஆகவே, காந்தப்புலம், துளைநிறை ஊடகம், தடித்த பாயி என்னும் மூன்றையும் ஒரு சமன்பாட்டிற் சேர்ப்பதால் விளைவு பெருகுவதில்லை. மணலும் தடிப்பும் சேர்ந்து காந்தத்தை ஒடுக்குகின்றன. சமன்பாட்டில் அவ்வெண்ணுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து எனப் பெறுமானம் கொடுத்து வரைபு வரைந்துவிட்டுக் குருதிக்கும் நிலத்தடி நீருக்கும் பயன்படும் என முடிவுரை எழுதுவதில் உள்ள பிழை இதுவே.

குருதியையும் ஒருமுறை கணித்துப் பார்க்கலாம். மருத்துவமனைகளிற் பயன்படும் 3 தெசுலாக் காந்தக் கருவியினுள், மூன்று மில்லிமீற்றர் ஆரையுடைய நாடியொன்றிற் காந்தத் தடை பிசுக்குத் தடையின் நூற்றில் ஒரு பங்கு அளவினது. நுண்ணிய மயிர்த்துளைக் குழாய்களில் அதுவும் இல்லையெனலாம். காந்த வளையல் குருதியோட்டத்தைத் தூண்டும் என்னும் விளம்பரங்களை எவரும் இத்தராசில் நிறுத்துப் பார்க்கலாம். கமக்காரருக்கு விற்கப்படும், குழாயைச் சுற்றிப் பூட்டும் காந்தங்கள் மண்ணினுள் நீரை விரைந்து செலுத்தும் என்னும் கூற்றும் இவ்வாறே வீழ்கின்றது. கொதிகலன்களிற் படியும் சுண்ணாம்புப் படிவைக் காந்தம் மாற்றுமா என்பது வேறு வினா. 1945-இல் பெல்சியத்திற் காப்புரிமை பெற்ற அம்முறை பற்றிய பரிசோதனை முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவன. அவ்வினாவுக்கு எமது கணக்கு விடையாகாது.

காந்தம் செயற்படும் இடங்கள்

அவ்வாறாயின், பாயியும் துளையும் காந்தமும் சேரும் இடத்திற் காந்தத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. அங்கே காந்தம் பாயியிற் தூண்டும் மின்னோட்டத்தைப் பற்றுவதில்லை. பாயி சுமந்துவரும் துணிக்கைகளையே பற்றுகின்றது.

திருகோணமலைக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டை இதற்கு எமது மாவட்டத்துச் சான்று. அங்குள்ள கரு மணலில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இல்மனைற்று; எஞ்சியதில் ரூற்றைலும் சிர்க்கோனும் முக்கியமானவை. 1957-இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் இதன்பொருட்டு நிறுவப்பட்டது. 1992 முதல் அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்னும் அரச கம்பனியாக இயங்குகின்றது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இல்மனைற்று பரகாந்தப் பொருள். சிறுவர் கடற்கரையில் இழுத்து விளையாடும் காந்தத்தில் ஒட்டுவது பெரும்பாலும் மக்னெற்றைற்று. இல்மனைற்று அவ்வளவு எளிதில் ஒட்டாது. ஆலையின் வலிய காந்தமோ அதனை ரூற்றைலிலும் சிர்க்கோனிலும் இருந்து பிரித்தெடுக்கும்.

இம்முறையின் மிக நுண்ணிய வடிவம் 1970-களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலக் கயோலின் தொழிலிற் புகுத்தப்பட்டது. மெல்லிய உருக்கு இழைகளைப் பஞ்சுபோல் அடைத்த கலமொன்றினுள் வெண்களிக் குழம்பு செலுத்தப்படும். காந்தப்புலம் இடப்பட்டதும் ஒவ்வோர் இழையின் அருகிலும் புலம் மிகச் சடுதியாக மாறும்; களிக்கு நிறமூட்டும் இரும்பு சேர்ந்த துணிக்கைகள் இழைகளில் ஒட்டிக்கொள்ள, வெளுத்த களி மறுபுறம் வெளியேறும். பின்னர் புலத்தை நீக்கி இழைகள் கழுவப்படும். நியூற்றனின் விதிக்கு அடங்காத பாயி, நுண்டுளை ஊடகம், காந்தப்புலம் ஆகிய மூன்றும் ஒரு கலத்தில் உண்மையாகவே கூடி வேலை செய்யும் இடம் இது. இங்கும் களிக்குழம்பின் தடிப்பு ஒரு தடையே. எனவே, குழம்பை இளக்கும் பொருள்களைச் சேர்த்த பின்னரே அதனைச் செலுத்துவர்.

காந்தமே ஒரு பாயியை நியூற்றனின் விதியிலிருந்து விலக்குவதும் உண்டு. நுண்ணிய இரும்புத் துணிக்கைகளை எண்ணெயிற் கலந்த பாயியை யாக்கோபு ரபினோ 1948 அளவில் அமெரிக்கத் தேசிய நியமப் பணிமனையில் ஆக்கினார். புலத்தை இட்டதும் துணிக்கைகள் சங்கிலிகளாகக் கோவையுற்றுப் பாயிக்கு இளகு தகைப்பை அளிக்கின்றன. அது பத்தாயிரம் பசுக்கல் எனக் கொண்டால், ஒரு மில்லிமீற்றர் ஆரையுள்ள துளையில் ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு அப்பாயியை அசைக்க ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அமுக்கம் வேண்டும். ஆளியை இயக்கியதும் மூடும் கதவு அது. கடற்பஞ்சு போன்ற பொருளில் இப்பாயியை ஊறவைத்து அதிர்வு தணிக்கும் கருவிகள் செய்யப்பட்டுள்ளன.

காந்தம் தன் பயனை வெளிப்படையாகக் காட்டும் இன்னோர் இடம் அளவீடு. நீரை நிறுத்த இயலாத காந்தப்புலம் அதன் வேகத்தை எமக்கு அறிவிக்க வல்லது. பத்துச் சென்ரிமீற்றர் குழாயில் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்திற் செல்லும் நீர், ஒரு தெசுலாவின் நூறில் ஒரு பங்கான புலத்தில் ஒரு மில்லிவோற்று மின்னழுத்த வேறுபாட்டைத் தரும். பரடே தேம்சில் தேடியது நீர்வழங்கற் குழாய்களில் இன்று அன்றாடக் கருவியாயிற்று. குழாயிற் செல்லும் சேற்றையும் களிக்குழம்பையும்கூட அது அளக்கும்.

கிணற்று நீரிடம் மீளல்

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு மீள்வோம். கடற்கரை மணலில் நன்னீர், தன்னினும் அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் மிதக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடொன் கைபனும், 1901-இல் செருமானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணிப்பின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், சமநிலையில் அந்நன்னீர் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை இறங்கியிருக்கும். இது மறுதலையாகவும் உண்மை: மேலே இருபத்தைந்து சென்ரிமீற்றர் தாழ்ந்தாற் கீழே பத்து மீற்றர் நன்னீர் இழக்கப்படும்.

நாளொன்றுக்கு ஒரு மீற்றர் வீதம் ஊறும் கடல் நீரின்மீது ஒரு தெசுலாக் காந்தம் விதிக்கும் தடையையும், உப்பினால் எழும் அடர்த்தி வேறுபாட்டின் விசையையும் ஒப்பிட்டால், பின்னது முன்னதிலும் நாற்பது இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. இக்கரையில் நீரின் விதியைத் தீர்மானிப்பவை மழை, உப்பு, மணலின் உயரம், மனிதர் இறைக்கும் அளவு ஆகியனவே.

2004 திசம்பர் 26-இன் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளை உவராக்கியபோது இது அனுபவமாயிற்று. கிணறுகளை இறைத்து வெறுமையாக்கினால் உப்பு நீங்கும் என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. மேலே கூறிய கணிப்போ, அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும் என எச்சரிக்கின்றது. மணலைக் கழுவி நன்னீரை மீட்க வல்லது பெருமளவில் மழையே; அதற்குப் பருவங்கள் வேண்டும். அவ்வேளையில் மக்களுக்கு வேண்டியிருந்தது, எந்தக் கிணற்றை எவ்வளவு இறைக்கலாம் எனக் கூறும் எளிய கணக்கும், உவரை அளக்கும் சிறு கருவியுமே.

காந்தமும் மணலும் நீரும் இக்கரையில் இன்னொரு வகையிலும் சந்திக்கின்றன. வெருகலாற்றுக்குத் தெற்கே கதிரவெளி முதலிய இடங்களில் இல்மனைற்று அகழ்வுத் திட்டங்களுக்கு அண்மைய ஆண்டுகளில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். காந்தத்தாற் பிரிக்கத்தக்க கனியத்தைக் கொண்ட மணலும் நன்னீரைத் தாங்கும் மணலும் ஒரே மணலாக இருக்கும் இடத்தில், மணற்றிட்டின் உயரம் குறைந்தால் நன்னீர் மட்டமும் தாழக்கூடும். ஒன்றுக்கு நாற்பது என்னும் கணக்கு அங்கே செயற்படத் தொடங்கும். காந்தப்புலம் நேராக ஊற்றைத் தொடுவதில்லை; காந்தத்தை நாடி மணலை அகற்றும் கையே தொடும். எத்தனை சென்ரிமீற்றர் தாழும், எந்தக் கிணறு முதலில் உவராகும் என்பவற்றை அகழ்வுக்கு முன்னரே அளந்து கூறக்கூடிய அறிவு எமது கணிதத் துறைகளிடம் உண்டு. காந்தத் தடைக்கு எழுதும் சமன்பாட்டில் அவ்வுறுப்பை நீக்கி அடர்த்தி வேறுபாட்டை வைத்தால், அதுவே இக்கரையின் சமன்பாடாகும்.

கணிதத்தை அதன் அழகுக்காகப் பயில்வோரை நாம் குறைகூறவில்லை. அத்தகைய பயிற்சியே வேறு வினாக்களை எதிர்கொள்ளும் வலிமையைத் தருகின்றது. நாம் வேண்டுவது ஒன்றே: சமன்பாட்டை எழுதிய கையோடு அதன் ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்துப் பார்க்கும் வழக்கம் எமது மாணவரிடையே வேரூன்றவேண்டும். ஈச்சிலம்பற்றில் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தையும் உவரையும் மாதந்தோறும் ஒருமுறை அளந்து ஓராண்டு குறித்துவைக்கும் மாணவன், காந்தப்புலத்தைத் தொடாமலே அக்கரையின் நுண்டுளைப் பாய்ச்சலை அறிந்தவனாவான். அக்குறிப்பு அகழ்வு பற்றிய அடுத்த கூட்டத்தில் ஊர் மக்களின் கையில் இருத்தல் வேண்டும்.